எலிக்குத் தெரிந்த சேதி

“மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று சொல்லிக்கொண்டே கசாயம் குடிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

அங்கே சாற்றை முதலில் குடிப்பது எலி. இரவெல்லாம் பட்டினி போட்டு, எடை பார்த்து, முனை மழுங்கிய குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் விடுவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரைகூடப் போவதுண்டு. பிறகு 14 நாள் கவனிப்பு. மயிர் சிலிர்க்கிறதா, நடுக்கம் இருக்கிறதா, தீனி எடுக்கிறதா? எலி பாவம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் 14 நாளில் பிடிபடாத நஞ்சும் உண்டு. நம்மூர் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி இனச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அந்த ரகம். மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்ததில் எலிகளுக்குப் புற்றுநோயே வந்தது. ஜெர்மனி 1981-லேயே அந்த அமிலம் உள்ள மருந்துகளை விலக்கிவிட்டது.

சுமார் பத்து வருஷம் கழித்து, பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. வேறொரு சீன மூலிகை இருக்கவேண்டிய இடத்தில் இந்த இனச் செடி சேர்ந்திருந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.