கைமாறி வந்த தொலைநோக்கி

(நமது டிரஸ்ட் நூலகத்தில் நடந்த பெற்றோர் - மாணவர் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)





மேசைமேல் இருக்கும் இந்த வெள்ளைக் குழாய், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் நம் நூலகத்துக்குத் தந்த தொலைநோக்கி. அவர் பிள்ளைகள் பயன்படுத்தியது. நாங்கள் அதை வாங்கிய அன்றே ஆசையாக மாடிக்குக் கொண்டுபோனோம். ஒரு மணி நேரம் போராடினோம். ஒன்றும் தெரியவில்லை. "பழுதான சாமானைத் தள்ளிவிட்டார் போல" என்று முடிவுகட்டி, ஒன்றரை வருடம் பீரோவின் மேல் போட்டுவைத்தோம். பழுது குழாயில் இல்லை, எங்களிடம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சகோதரரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டோம். நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இன்றைய பேச்சு.

முதல் தவறு, பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சிட்டிருந்ததை நம்பியது. கணக்கு எளிது. குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக்கு ஐபீஸ் என்று பெயர். 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 700ஐ 25ஆல் வகுத்து 28 மடங்கு. 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. 4 மி.மீ. ஐபீஸையும், மூன்று மடங்கு கூட்டும் பார்லோ லென்ஸையும் சேர்த்துப் போட்டால் 525 வருவது உண்மைதான். ஆனால் நம் குழாயின் முன்வில்லை 70 மி.மீ. அகலம். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அதாவது சுமார் 140 மடங்குதான் அது தாங்கும். அதற்கு மேல் போனால் உருவம் மங்கி, கலங்கி, ஸ்டாண்டு ஆடும் ஆட்டத்தில் ஓடிவிடும். நாங்கள் முதல் இரவில் போட்டது அந்த 525ஐத்தான்! ஆகவே எப்போதும் பெரிய எண் எழுதிய ஐபீஸில் தொடங்குங்கள். அதில் நன்றாகத் தெரிந்த பிறகு 10க்கு மாறுங்கள்.

இரண்டாவது தவறு, குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழாயைக் கவனிக்காதது. அதுதான் ஃபைண்டர், இலக்குக் காட்டி. அதைப் பகலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். சூரியன் இல்லாத திசையில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி, அதே உச்சி அதன் குறுக்குக் கோட்டிலும் விழும்படி வையுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரவில் வானத்தைத் துழாவினால், வெறும் இருட்டுதான் தெரியும்.

பழைய தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டார்ச் அடித்து முன்வில்லையைப் பாருங்கள். சில தூசிகள் இருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம். ஐபீஸ் செருகும் துளை ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய துளை உள்ள பழைய குழாய்களுக்கு ஐபீஸ் கிடைப்பது சிரமம். ஸ்டாண்டின் கால்கள் உறுதியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கொஞ்சம் ஆடினால், கால்களைக் குட்டையாக்கி, நடுவில் ஒரு பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டால் அடங்கும். வில்லையைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழுந்துவிடும்.

இப்போது, இந்தப் பேச்சுக்கே காரணமான விஷயம். ஷஃபான் 29 அன்று பிறை பார்க்கும் ஆவலில் அஸருக்குப் பிறகே குழாயை மாடியில் வைத்தோம். பிறை அறிவிப்பு உலமாக்களின் பொறுப்பு. நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வைத்தோம். மெல்லிய பிறை சூரியனுக்கு அருகிலேயே இருக்கும். ஒரு பிள்ளை ஐபீஸில் கண்ணை வைத்துக்கொண்டே குழாயை மேற்கே திருப்பினான். "அண்ணே, சூரியன் இன்னும் இறங்கலையே!" என்று ஒரு தாயார் சத்தம் போட்டு, ஓடிவந்து குழாயின் வாயைக் கையால் மறைத்தார். நாங்கள் நான்கு பெரியவர்கள் பக்கத்தில்தான் நின்றோம். எங்களுக்குத் தோன்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளையின் கண் தப்பியது.

பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்தி விளையாடியிருக்கிறீர்கள். இந்த வில்லை அதைவிடப் பெரியது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டதே தெரியாமல் பார்வை போய்விடும், திரும்பி வராது. சில பழைய பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்பு நிற "சன் ஃபில்டர்" இருக்கும். வெப்பம் குவியும் இடத்தில் இருப்பதால் அது திடீரென்று வெடிக்கும். நம் பெட்டியில் இருந்ததை உடைத்து எறிந்துவிட்டோம். உங்கள் வீட்டில் இருந்தாலும் அதையே செய்யுங்கள். சூரியன் முழுதாக மறைந்து, மஃரிப் பாங்கு சொன்ன பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் சந்திரன். பௌர்ணமி அன்று வேண்டாம். நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். பிறை 7, 8 இரவுகள்தான் சிறந்தவை. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பள்ளங்கள் தோண்டிவைத்தது போலத் தெரியும். அங்கே 'அல்பதேக்னியஸ்' என்றொரு பள்ளம். அது ரக்கா நகரில் 877 முதல் 918 வரை வானத்தைக் கணித்த அல்பத்தானியின் பெயர். அருகில் 'அர்ஸாக்கல்', சுமார் 97 கிலோமீட்டர் அகலம், நடுவில் ஒரு மலை. அது 11ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் வாழ்ந்த அஸ்ஸர்காலியின் பெயர். 1651இல் ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் சந்திரனின் பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டியபோது, இந்தப் பெயர்களும் இடம்பெற்றன. அந்த இருவரும் வெறும் கண்ணால் வானத்தைக் கணித்தவர்கள். அவர்கள் காலத்தில் தொலைநோக்கியே கிடையாது.

அடுத்து வியாழன். 28 மடங்கிலேயே அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு நிலாக்கள் வரை புள்ளிகளாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். 1610 ஜனவரியில் கலிலியோ இதைப் பார்த்தது ஏறத்தாழ 20 மடங்கு குழாயில்தான். சனியின் வளையத்துக்கு 70 மடங்கு போதும். கார்த்திகைக் கூட்டத்தை, அதாவது அரபியில் துரய்யாவை, 25 மி.மீ. ஐபீஸில் பாருங்கள். செல்போனில் வரும் வண்ணப் படங்களை எதிர்பார்க்காதீர்கள். சிறியதாக, வெளிறித்தான் தெரியும். ஆனாலும் அது படம் அல்ல, நேரில் வருகிற ஒளி.

இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை முதல் இஷாவுக்குப் பிறகு நூலக மாடியில் குழாய் இருக்கும். ஆண், பெண் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். வீட்டுக்கு எடுத்துப்போக விரும்புவோர் கையெழுத்திட்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவரே பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு குழாய் தூங்கிக்கொண்டிருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் எங்களிடம் ஒருமுறை கொண்டுவாருங்கள்.