பத்து ரூபாய் நாணயமும் தட்டம்மை ஊசியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)



இன்றைய அஜெண்டாவில் தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் நடுவில் ஒரு பொருள் இருக்கிறது. தட்டம்மை ஊசி போடாத குழந்தைகளை நம் விளையாட்டு இடத்தில் விடலாமா, கூடாதா? நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வேர்டு வந்தது, அதைப் பார்த்து இரண்டு வீட்டார் "ஊசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள், அதற்கு மற்றவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கதை உங்களுக்கே தெரியும். தீர்மானம் போடுவதற்கு முன்னால் என்னைக் கொஞ்சம் பேசச் சொன்னார்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ரிடையர் ஆனவன். ஆனால் வதந்தி எப்படி நடக்கும், எப்படி உட்காரும், எப்படி எழுந்து ஓடும் என்பதை கேஷ் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற பேச்சு நம் பக்கம் எவ்வளவு காலம் ஓடியது! பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்றார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாக அறிக்கை விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. 2022இல் அரூர் பக்கத்து இளைஞர் ஒருவர் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொண்டுபோய் சேலத்தில் கார் வாங்கினார், ஞாபகம் இருக்கிறதா? கடையில் சேர்ந்த நாணயத்தை யாரும் திரும்ப வாங்காத கோபம் அது.

கவுண்டரில் நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், "ஏம்மா வாங்க மாட்டேங்கறீங்க?" என்று. ரிசர்வ் வங்கி பொய் சொல்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. "செல்லும்னு எனக்குத் தெரியும் சார். ஆனா பஸ்ஸில வாங்க மாட்டேங்கறான், பூக்காரம்மா வாங்க மாட்டேங்குது, நான் மட்டும் வாங்கி என்ன செய்ய?" என்பார்கள். அடுத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவரும் முடிவு எடுத்தார்கள். ஊசி விஷயமும் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று சொல்லி நகர்வது நமக்கு வசதி. நம் குரூப்பில் அதை அனுப்பியவர் பட்டதாரி.

2017ஐ நினைத்துப் பாருங்கள். தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் பிப்ரவரி 6ஆம் தேதி தொடங்கியது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லோருக்கும். இலக்கு சுமார் 1.76 கோடிப் பிள்ளைகள். அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம்? டிசம்பரில் ஜெயலலிதா மறைந்திருந்தார். ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், வெளிநாட்டு அமைப்பு என்றாலே கொதிப்பு. பிப்ரவரி 5ஆம் தேதி ஓ.பன்னீர்செல்வம் முதல்வர் பதவியை ராஜினாமா செய்கிறார், 7ஆம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் போய் உட்காருகிறார், 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவி ஏற்கிறார். யார் முதல்வர் என்று ஊரே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு வருகிறது, "உங்கள் பிள்ளைக்கு ஊசி போடப் போகிறோம்" என்று.

அதோடு வாட்ஸ்அப்பும் வந்தது. வெளிநாட்டில் தடை செய்த ஊசி, நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை, பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்றெல்லாம். அந்த ஊசி தயாரானது புனேயில். ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை, சொன்னாலும் காதில் விழும் நேரம் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று நம்பிய நாடு இது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். பல பெற்றோர் ஊசி நாளன்று பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்குப் போயிற்று.

தயக்கம் நேற்று வாட்ஸ்அப்போடு வந்தது என்று நினைக்காதீர்கள். 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எல்லோருக்கும் போடும் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதியவர் யார் தெரியுமா? ராஜாஜி! முந்தைய வருஷம் வரை முதலமைச்சராக இருந்தவர், ஓசூர் பக்கம் தொரப்பள்ளிக்காரர். அன்றைக்கு அதுவும் நம் ஊரும் ஒரே சேலம் ஜில்லா. அவரைப் படிக்காதவர் என்று யாராவது சொல்வார்களா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது. அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். கேள்வி கேட்டார்கள், கணக்குப் பார்த்தார்கள், எதற்குப் பயன், எதற்குப் பயன் இல்லை என்று பிரித்தார்கள். எனக்கு இந்த மாதிரி ஆடிட் பிடிக்கும்.

தட்டம்மை ஊசிக்கும் அப்படி ஓர் ஆடிட் நடந்தது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேய டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். கிளறிப் பார்த்தால் குழந்தைகளின் விவரங்களே திரிக்கப்பட்டிருந்தன. 2010இல் இதழ் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது, அவர் டாக்டர் தொழில் செய்யும் உரிமையையும் இழந்தார். அதற்குள் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நம் குரூப்புக்கு வந்த ஃபார்வேர்டின் பாட்டன் அந்தக் கட்டுரைதான்.

நம் மாநிலத்தில் தயக்கத்துக்கு ஒரு நிஜமான காரணமும் இருக்கிறது, அதை மறைத்தால் என் பேச்சை நீங்கள் நம்பக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு கைக்குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாட்டில் கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் ஊசி என்று ஆக்கினார்கள். பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள். ஆனால் தினக்கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள்: எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு 81, 2015-16இல் 70. இந்த ஒரு காரணத்தால் மட்டும் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயமும் தூரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிகிறது. 2019-21இல் 89க்கு ஏறியிருக்கிறது, அது நல்ல செய்தி.

89 நல்ல மார்க்தானே என்று தோன்றும். தட்டம்மைக்கு அது போதாது. இந்த நோய் வந்த ஒருவர், எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் நடுவில் இருந்தால் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அவர் எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். அதனால்தான் 95 பேருக்காவது இரண்டு டோஸும் வேண்டும் என்கிறார்கள்.

ஏன் இரண்டு? நம் பிள்ளைகள் நூறு பேர் என்று வையுங்கள். முதல் டோஸுக்கு 90 பேர் வந்தார்கள். ஒன்பது மாதத்தில் போடும்போது நூற்றுக்கு 15 குழந்தைகளுக்கு அது பிடிப்பதில்லை. ஆக உண்மையில் பாதுகாப்பு கிடைத்தவர்கள் 76, 77 பேர்தான். ஊசி போட்டும் பிடிக்காத அந்தப் பதின்மூன்று பேரைப் பிடிக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். அதை விட்டால், வருஷா வருஷம் பாதுகாப்பு இல்லாத இருபது சொச்சம் பேர் சேர்ந்துகொண்டே போவார்கள். பேங்கில் வாராக்கடன் சேர்வது போலத்தான், வெளியே தெரியாது. ஒரு நாள் ஒரே ஒரு நோயாளி வருவார், மொத்தமும் வெளியே வரும். 2022 கடைசியில் மும்பையில் அதுதான் நடந்தது. கொரோனா காலத்தில் விட்டுப்போன ஊசிகள், நெருக்கமான வீடுகள், சத்துக் குறைந்த குழந்தைகள். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். அதே நேரம் கேரளத்தில் மலப்புரத்திலும் பரவியது. வசதியான நாடுகளும் தப்பவில்லை. தட்டம்மையை ஒழித்துவிட்டதாக 2000இல் அறிவித்த அமெரிக்காவில் 2025இல் 2,000 பேருக்கு மேல் வந்தது, டெக்சாஸில் ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தன. கனடா 2025 நவம்பரில் 'ஒழித்த நாடு' என்ற தகுதியையே இழந்தது.

"அம்மைதானே, எங்களுக்கெல்லாம் வந்து போகலையா?" என்று பெரியவர்கள் கேட்கிறீர்கள். வந்து போனவர்கள்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? போய்விட்டவர்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். நிமோனியா, வயிற்றுப்போக்கு, கண் பார்வை போவது, மூளைக் காய்ச்சல் எல்லாம் இதில் உண்டு. மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சக்தியையும் இது வழித்து எடுத்துவிடும். ருபெல்லா கர்ப்பிணிக்கு ஆரம்ப மாதங்களில் வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம்.

வாசலில் வேப்பிலை சொருகி வெளியாளை விடாமல் வைத்த நம் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, தனிமைப்படுத்துவது நல்லதுதான். ஆனால் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்தே இது பரவும். வேப்பிலை கட்டும்போது காரியம் முடிந்திருக்கும். மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவோம், டாக்டரிடமும் போவோம். வைட்டமின் ஏ கொடுப்பார்கள், அது கண்ணையும் உயிரையும் காக்கும்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். ஊசி போடாத பிள்ளையை விளையாட விடக் கூடாது என்பதை நான் எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது? தொழுநோய் வந்தவர் என்று சுப்பிரமணிய சிவாவை ரயிலில் ஏற விடாத நாடு இது. அவர் கடைசியில் 1925இல் கண் மூடியது இதே பாப்பாரப்பட்டியில். ஜூலை 23 வந்தால் மாலை போடப் போகிறோமே, அதையும் யோசிக்க வேண்டும். கட்டாயப்படுத்தினால் தயங்குகிறவர் எதிரியாக மாறுவார். 2019இல் டெல்லி உயர் நீதிமன்றமும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளியில் இந்த ஊசியைப் போடக் கூடாது என்றது. அது சரியென்றே நினைக்கிறேன்.

ஆனால் சம்மதம் கேட்பதோடு கை கழுவவும் முடியாது. நம் பில்டிங்கில் இப்போது ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகள் மூன்று இருக்கின்றன. அவர்களுக்கு வயது வரும் வரை ஊசி கிடையாது, நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டால்தான் அவர்களுக்குக் காப்பு. புற்றுநோய் மருந்து எடுக்கும் ஒருவரும் இருக்கிறார். அவருக்கு இந்த ஊசி போட முடியாது.

எனவே தீர்மானத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறேன். சுகாதார நிலையத்துக்கு எழுதி, கிராம சுகாதார செவிலியரையும் டாக்டரையும் ஒரு நாள் நம் ஹாலுக்கு வரவழைப்போம். கேள்வி கேட்க விரும்புபவர்கள் எல்லாக் கேள்வியும் கேட்கட்டும், திருவள்ளூரைப் பற்றியும் கேட்கட்டும். மருந்தைக் கலந்து நாலு மணி நேரத்துக்குள் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம் என்பதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டால்தான் தைரியம் வரும். தாய்-சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். தனியார் டாக்டரிடம் போடுகிறவர்களும் பாருங்கள், ஊர் மாறும்போது விட்டுப்போவது இரண்டாவது டோஸ்தான். பெங்களூரு, ஓசூர் என்று வேலைக்குப் போய்த் திரும்பிய வீடுகளில் அதிகம் விட்டுப்போகிறது. நம் வாட்ச்மேன் தம்பி வீட்டுக் குழந்தை, பக்கத்து மனையில் கட்டட வேலைக்கு வந்திருப்பவர்களின் குழந்தைகள், எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருமி சந்தா கட்டியவரா என்று பார்க்காது.

போட்டு முடித்தவர்கள் குரூப்பில் ஒரு வரி போடுங்கள், "எங்க வீட்டுப் பாப்பாவுக்கு ரெண்டாவது டோஸ் ஆச்சு" என்று. பெருமைக்காக இல்லை. பூக்காரம்மா வாங்கிக்கொண்டார் என்று தெரிந்தால் பஸ் கண்டக்டரும் நாணயத்தை வாங்குவார். தயங்குகிற அந்த இரண்டு வீட்டாரையும் யாரும் குரூப்பில் திட்ட வேண்டாம். அவர்கள் சம்மதித்தால் நானே கூட வருகிறேன். புதன்கிழமை ஊசி நாள், காலையில் போனால் கூட்டம் குறைவு. என் ஸ்கூட்டரில் இடம் இருக்கிறது.

செயலாளர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். தண்ணீர் லாரி விஷயம் இன்னும் பாக்கி.