தெருவைத் திறந்தது சட்டம். திண்ணையைத் திறப்பது எழுத்து!

பட்டிமன்றத் தலைப்பு: பிளவுபட்ட சமுதாயத்தை ஒன்று சேர்ப்பதில் விஞ்சி நிற்பது சட்டமா? எழுத்தா?
"எழுத்தே" அணியின் மூன்றாவது பேச்சு

"சட்டமே, சட்டமே" என்று சத்தம் போட்டுவிட்டு இப்போது களைப்பாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

வர்ற வழியெல்லாம் பார்த்துக்கிட்டே வந்தேன். சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி, மறுபடியும் சுண்ணாம்புக்கல் லாரி! செங்கல்லையும் செங்கல்லையும் ஒட்ட வைக்க இந்த ஊரில் சிமெண்ட் இருக்கு. மனுஷனையும் மனுஷனையும் ஒட்ட வைக்கிற சிமெண்ட் எது? அதுதானய்யா இன்றைக்குக் கேள்வி! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் சொன்னார், "அரசாங்கம் ஒரு ஆணை போட்டால் போதும், எல்லாரும் சேர்ந்துடுவாங்க" என்று. அண்ணே, இந்த ஊருக்கு வந்தா அதைச் சொல்றீங்க? 1995-இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் உண்டாக்கினார்கள். 2001-இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-இல் மறுபடியும் சேர்த்தார்கள். 2007-இல் திரும்பவும் பிரித்தார்கள். அண்ணன் தம்பிகூட இத்தனை தடவை பாகப்பிரிவினை பண்ணியிருக்க மாட்டாங்க! (சிரிப்பு) நான் கேட்கிறேன். சேர்த்து வைத்த வருஷம் ரெண்டு ஊருக்கும் பாசம் கூடிப்போச்சா? பிரித்த வருஷம் பெண் கொடுத்து பெண் எடுக்கிறது நின்னு போச்சா? கோடு போடுறது அரசாணை. உறவு வைக்கிறது மனசு.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டம் பிறந்தபோது அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "பெரம்பலூர் திருவள்ளுவர் மாவட்டம்"! எவ்வளவு நல்ல பெயர்! ஏன் இன்றைக்கு இல்லை? 1997-இல் தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு வீரரின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயருள்ள பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சண்டை வந்தது. சாதிக் கலவரமாகி உயிர்கள் போயின. கடைசியில் அரசாங்கம் எல்லா மாவட்டத்திலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. எங்கேயோ நடந்த சண்டைக்கு, ஒரு பாவமும் அறியாத வள்ளுவரும் இங்கே பலகையை விட்டு இறங்கினார். பெயரை வைத்ததும் ஆணை, எடுத்ததும் ஆணை. வள்ளுவரைப் பலகையில் எழுதினோம், படிக்கத்தான் மறந்துட்டோம்!

உடனே எதிரணி அம்மா எழுந்து, "அப்போ சட்டமே வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும் தாயே, கட்டாயம் வேண்டும்! 1950-இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அடிக்க ஓங்குகிற கையைப் பிடிக்கச் சட்டம்தான் வேண்டும். கவிதை வந்து பிடிக்காது. "இந்தத் தெருவில் நடக்காதே" என்று சொன்னவனைச் சட்டம்தான் உள்ளே வைக்கும். ஆனால் நடுவர் அவர்களே, தெருவில் நடக்க விடுவது ஒரு கட்டம். "வாங்க, திண்ணையில் உட்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று சொல்ல வைப்பது அடுத்த கட்டம். அதற்கு எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய் மனு கொடுக்கிறது?

அந்தத் திண்ணைக் கதையை உங்கள் மண்ணிலிருந்தே சொல்கிறேன்.

தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர். 1855-இல் பிறந்தவர். பிறந்தது தஞ்சைச் சீமை. ஆனால் சின்ன வயதில் தமிழ் கற்றது எங்கே? இந்த அரியலூரில், குன்னத்தில், பெரம்பலூர் பக்கத்துச் செங்குணத்தில்! அப்பா சங்கீத வித்துவான். பிழைப்புக்காக ஊர் ஊராகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். யார் சொல்லிக் கொடுத்தது? அரியலூரில் சடகோபையங்கார். விபூதி பூசுகிற வீட்டுப் பையனுக்கு நாமம் போட்ட வாத்தியார்! குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் சொல்லிக் கொடுத்தார். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

அதோடு நின்றதா? கும்பகோணம் கல்லூரியில் தாம் பார்த்த வேலை இவருக்குக் கிடைக்கும்படி செய்தார் தியாகராச செட்டியார். "சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்று கேட்டுத் தூண்டிவிட்டார் சேலம் இராமசாமி முதலியார். சிந்தாமணி சமண காப்பியம். சைவ மடத்தில் படித்தவருக்குச் சமணம் புரியவில்லை. என்ன செய்தார்? "அது நம்ம மதம் இல்லை" என்று மூடி வைத்தாரா? கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, சந்தேகம் கேட்டார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1898-இல் பௌத்த காப்பியமான மணிமேகலை வந்தது.

எண்ணிப் பாருங்க. ஐயங்கார், பிள்ளை, ரெட்டியார், செட்டியார், முதலியார், சமணர். இத்தனை பேர் சேர்ந்துதான் ஒரு தமிழ்த்தாத்தா! "நம்ம ஆளு சொல்லிக் கொடுத்தால் போதும்" என்று அவர் அப்பா நினைத்திருந்தால், இன்றைக்கு நம் கையில் இந்தப் புத்தகங்கள் வந்திருக்குமா? "ஒற்றுமையாக இருங்கள்" என்று யாரும் அங்கே பிரசங்கம் பண்ணவில்லை. தமிழ் வேண்டும் என்ற பசி ஒருத்தரை இன்னொருத்தர் வாசலுக்கு அனுப்பியது. எழுத்து செய்கிற வேலையே அதுதானய்யா! (கைதட்டல்)

சாதியோடு நின்றதா? மதத்துக்கு வருகிறேன். இதே அரியலூர் மாவட்டம், ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து ஒரு பாதிரியார் வந்தார். பெஸ்கி என்று பெயர். நமக்கு வீரமாமுனிவர். மதம் பரப்பத்தான் வந்தார், நான் மறைக்கவில்லை. ஆனால் பரப்ப வந்தவரை இந்த மொழி பிடித்து உட்கார வைத்துவிட்டது. தேம்பாவணி என்று 3,615 பாட்டில் காப்பியம் பாடினார். சதுரகராதி செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். உங்கள் வீட்டுப் பிள்ளை "எரி" என்பதையும் "ஏரி" என்பதையும் வேறுவேறாக எழுதுகிறதே, அந்த வேறுபாட்டைச் சீராக்கிய பெருமையும் அவருக்குத்தான். இந்துப் பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையும், கிறிஸ்தவப் பிள்ளையும் பரமார்த்த குருவைப் படித்து ஒரே மாதிரிதான் சிரிக்கிறது. சிரிப்பில் எங்கேயய்யா மதம்?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, முக்கியமான இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

எதிரணி என்னை மடக்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் படித்த அந்தப் பட்டியலில் ஒரு தெரு மட்டும் இல்லை. கவனித்தீர்களா? ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த தெரு. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் திண்ணை இல்லை. தமிழ் அந்தத் தெருவில் இல்லையா? இருந்தது! வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டைக் கொடுத்தார், அது எல்லிஸ் துரை கைக்குப் போய் அச்சேறியது என்று அயோத்திதாச பண்டிதர் எழுதியிருக்கிறார். சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்ட அதே 1898-ஆம் வருஷம், இந்த அயோத்திதாசர் சென்னையில் பௌத்த சங்கம் தொடங்கினார். ஒரே காலம், ஒரே தமிழ், ஒரே புத்தர். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! அந்த நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

அந்தக் கதவை இப்போது யார் திறக்கிறார்கள்? எழுத்தாளர்கள்தான். உங்கள் வெள்ளாற்றுக்கு அக்கரையில் கழுதூர். அங்கே வளர்ந்தவர் எழுத்தாளர் இமையம். 1994-இல் "கோவேறு கழுதைகள்" எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுத்து, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை. "நம்ம பக்கக் குறையை ஏன் எழுதுகிறாய்?" என்று சொந்த மக்களே கோபப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தே எழுதினார்.

2012-இல் "பெத்தவன்" எழுதினார். ஒரு பெண் ஒடுக்கப்பட்ட தெருப் பையனை விரும்புகிறாள். அவளைக் கொன்றுவிடும்படி ஊர் கூடித் தகப்பனுக்கு உத்தரவு போடுகிறது. அந்தத் தகப்பன் மகளைக் காதலனிடம் வழியனுப்பி வைத்துவிட்டுத் தன் உயிரை விட்டுவிடுகிறான். ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பேசுகிற எழுத்தாளர், எதிர்ப்பக்கத்துத் தகப்பனின் நெஞ்சுக்குள்ளே புகுந்து அழுதிருக்கிறார்! இதைப் படிக்கிற அப்பாவுக்குத் தன் மகள் முகம் நினைவுக்கு வராதா? அந்தக் கதை வந்து சில வாரத்தில், 2012 நவம்பரில், தர்மபுரியில் ஒரு காதல் கல்யாணத்தை வைத்து வீடுகள் எரிந்தன. சட்டம் எப்போது வந்தது? எரிந்த பிறகு வந்தது. கதை எப்போது வந்தது? எரிவதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டியது. நாம்தான் திறக்கவில்லை.

"எழுத்தும் பிரிக்கிறதே, சாதிப் பெருமை பேசும் புத்தகம் இல்லையா?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். இருக்கிறது. தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற எழுத்து அது. அடுத்த வீட்டு ஜன்னலைத் திறந்து காட்டுகிற எழுத்தும் இருக்கிறது. எதை வாங்குவது என்பது நம் கையில்.

ஊரை விடுங்கள், வீட்டுக்கு வாருங்கள். மாமியாரையும் மருமகளையும் சட்டம் போட்டுச் சேர்க்க முடியுமா? (சிரிப்பு) முடியாது! ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை சேர்த்து வைத்ததே! வியாழக்கிழமை புத்தகம் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை. அப்புறம் மாமியாருக்குக் கண் மங்கினால், மருமகள் உரக்கப் படிப்பாள். கதாநாயகிக்குக் கஷ்டம் வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்தக் கதாநாயகி யார்? யாரோ ஒரு வீட்டு மருமகள்! ஊரார் வீட்டு மருமகளுக்காக அழுத மாமியாருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற மருமகள் மேல் கொஞ்சமாவது இரக்கம் வராமல் போகுமா?

தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் ரெண்டு மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகளோடு போறீங்க, அப்பளமும் வாங்கித் தர்றீங்க. அடுத்த தடவை போகும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவைப் பற்றி எழுதாத, அடுத்த தெருவைப் பற்றி எழுதின ஒரு புத்தகம் வாங்குங்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், "அந்த ஜனங்க எல்லாம் அப்படித்தான்" என்று வழக்கமாகச் சொல்வீர்களே, அந்த வார்த்தை வாய்க்கு வருகிறதா என்று பாருங்கள். வராது! வந்தாலும் தொண்டையில் நிற்கும். அப்படி நிற்க வைக்கிற சக்தி எந்தச் சட்டப் பிரிவுக்கும் கிடையாது.

எனவே, அடிக்கிற கையைத் தடுப்பது சட்டம் என்றாலும், அந்தக் கையைக் கும்பிட வைப்பது எழுத்தே, எழுத்தே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)