முதலில் நம் பெயரைச் சொல்வோம்

(சபை ஆண்டுவிழா ஆராதனையில் பேசியது)



ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரம் பெயர்களாகவே இருப்பதால் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அங்கே முதலில் வருகிறவள் பெபேயாள். கெங்கிரேயாவிலிருந்து ரோமுக்கு வரும் புதியவள். அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதோடு பவுல் நிறுத்தவில்லை. அவளுக்கு வேண்டிய காரியங்களில் கைகொடுக்கவும் கேட்கிறார். முதல் பாதியை நாம் நன்றாகவே செய்கிறோம். கைகுலுக்குகிறோம், டீ கொடுக்கிறோம். இரண்டாம் பாதியில்தான் தளர்ந்துவிடுகிறோம்.

நான் ஊரில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள். 2013-இல் இங்கே டாக்டர் கேட் கிரேஞ்சர் என்ற இளம் மருத்துவர் புற்றுநோயோடு வார்டில் படுத்திருந்தார். தம்மைக் கவனிக்க வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பது அவர் மனதைத் தொட்டது. "ஹலோ, என் பெயர்..." என்று பேச்சைத் தொடங்கும் இயக்கம் அப்படிப் பிறந்தது. 2016-இல் அவர் மறைந்தார். இன்றும் எங்களில் பலர் அந்த வார்த்தைகளுள்ள பேட்ஜை அணிகிறோம்.

நாமோ நம் பெயரைச் சொல்லுமுன்னே விசாரிக்கிறோம். "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை? என்ன விசா?" முதல் இரண்டு கேள்விகளும் எங்கே போய் நிற்கும் என்று வந்தவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மூன்றாவது பயமுறுத்தும். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்த ஒரு தங்கையின் விசா, வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெரும்பாலும் 60 நாட்களுக்குள் வேறு இடம் தேட வேண்டும். அவளாகச் சொன்னால் கேட்போம். கேட்டதை அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் 'ஜெபக்குறிப்பு' ஆக்காமல் இருப்போம்.

அவளுக்கு உதவுவது சின்னத் தகவல்கள். இங்கே ஜிபியிடம் பதிவு செய்வது இலவசம். முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயமில்லை. இது தெரியாமல் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் 999, மற்ற அவசரத்துக்கு 111. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும்போது மனசும் சேர்ந்து இருட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிர்காலத்தில் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி. கருத்த தோலுள்ள நமக்கு ஆண்டு முழுவதும் எடுப்பதே நல்லது.

பிள்ளைகளே, உங்களுக்கும் வேலை உண்டு. புதிதாக வரும் பிள்ளைக்கு உங்கள் வேகமான இங்கிலீஷ் புரியாது. உங்களுக்குத் தமிழ் தடுமாறும், தெரியும். என் வீட்டிலும் அதே கதைதான். தடுமாறியே பேசுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். டாய்லெட் எங்கே என்று நீங்களே காட்டுங்கள். கேட்க வெட்கப்பட்டு ஆராதனை முடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இன்று விருந்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் பையை வைக்காதீர்கள்.