ரயிலடிக்குப் பக்கத்தில், அதிகம் ஏறாத வாடகையில் ஒரு வீடு

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்னையில் பஸ், ரயில் வசதியோடு, வருஷா வருஷம் கழுத்தைப் பிடிக்காத வாடகையில் வீடு பிடிப்பது எப்படி என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். காரணம் உங்களுக்கே தெரியும். இந்தக் கோடை விடுமுறையில் நம் நகரிலிருந்து சில குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. இந்த இடம் பிடிக்காமல் யாரும் போகவில்லை. ஏறிய வாடகை கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிவிட்டது.

வீடு பார்க்கப் போகும்போது நாம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவீர்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு 15,000 ரூபாய் வாடகை. 5 சதவீதம் வீதம் ஐந்து முறை ஏறினால் 19,144 ரூபாய். 10 சதவீதம் வீதம் ஏறினால் 24,158 ரூபாய். ஒரே வீடு, ஒரே சமையலறை, மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். இன்னொரு சங்கதி. நம் ஊர் வழக்கப்படி ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் ஏற்றினால் 11 ஆண்டில் 12 முறை ஏறிவிடும். அந்தப் பன்னிரண்டாவது உயர்வு யாரும் கவனிக்காமலே வந்து சேர்கிறது!

இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவரைக் கேட்பதுதான். "எத்தனை வருஷமா இருக்கீங்க? வந்தப்போ என்ன வாடகை, இப்போ என்ன?" இந்த இரண்டு கேள்விக்கும் மாடிப்படியில் நின்றே பதில் கிடைத்துவிடும். ஆறேழு வருஷமாக ஒரே வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் அந்த வீட்டுக்காரரிடம் தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். எல்லோரும் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், மளிகைக் கடை அண்ணாச்சி, வாட்ச்மேன், இவர்களுக்கும் எல்லாம் தெரியும். நிதானமாக ஏறும் வீடுகள் பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடங்களில், உரிமையாளரும் அங்கேயே குடியிருக்கும் இடங்களில்தான் அகப்படும். இணையத்தில் தேடினால் அவை வராது. கேட்டில் தொங்கும் 'டூ லெட்' அட்டையில்தான் வரும். எனவே நடந்துதான் தேட வேண்டும்.

எங்கே நடப்பது? என் அபிப்பிராயம், மெட்ரோவை மட்டும் பார்க்காதீர்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு, சென்ட்ரல்–அரக்கோணம், சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி ஆகிய மின்சார ரயில் பாதைகளும், கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் பாதையும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பவை. அந்த வசதிக்கான விலை அங்கே வாடகையில் எப்போதோ சேர்ந்துவிட்டது. திடீரென்று தாவ புதிதாக ஒரு காரணம் இல்லை. பெரம்பூர், கொரட்டூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், பட்டாபிராம் போன்ற ரயில் நிலையங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தெருத்தெருவாகப் பாருங்கள். மாதச் சீட்டு சில நூறு ரூபாய்தான். தினம் 40 கிலோமீட்டர் பைக்கில் போய்வருபவருக்கு மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். பெட்ரோலுக்கே இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். அந்த மிச்சத்தையும் வாடகைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் செல்லும் போரூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் கதை வேறு. தூண் எழுந்தவுடனேயே வீட்டுக்காரர் மனதில் ஒரு தொகை எழுந்துவிடுகிறது. வேலை நடக்கும்போது தூசியும் மாற்றுப்பாதையும் நமக்கு, ரயில் வந்ததும் உயர்வும் நமக்கு. அங்கே குடிபோவதானால் 11 மாதம் போதாது. மூன்று வருஷத்துக்கு, உயர்வு இவ்வளவுதான் என்று எழுதி வாங்குங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. செலவை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.

பஸ்ஸையும் மறக்க வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய தொகை. ஆனால் அந்த நிறுத்தத்தில் சாதாரணப் பேருந்து நிற்கிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று காலை எட்டரை மணிக்கு ஒரு நாள், இரவு ஒன்பதுக்கு ஒரு நாள் நின்று பாருங்கள். புரோக்கர் சொல்லும் "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்" என்பது பைக்கில் ஐந்து நிமிடம். மழை பெய்த மறுநாள் நடந்து பார்ப்பது உத்தமம்; சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

இப்போது சட்டம். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. 11 மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பலர் நினைப்பதுபோல, இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதில் ஒரு வரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் ஏற்றலாம் என்கிறது. எழுதாமல் விட்டதைப் பிறகு வாதாடி வாங்குவது கஷ்டம். சதவீதத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள்.

வாடகையை ஏற்றாமலே ஏற்றும் வழிகளும் உண்டு. பராமரிப்பு, தண்ணீர் லாரி, கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, பத்து என்று வாங்கும் வீடுகள் இருக்கின்றன. தனி மீட்டர் இருக்கிறதா என்பதை வாடகை பேசும் முன்பே கேளுங்கள்.

முன்வரிசையில் வீட்டு உரிமையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு கணக்கு. 15,000 ரூபாய் வாடகையில் 5 சதவீதத்துக்குப் பதில் 10 ஏற்றினால் வருஷத்துக்கு 9,000 ரூபாய் கூடுதல். அதனால் குடியிருப்பவர் காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் போவது 15,000. வெள்ளையடிப்பு, புரோக்கர் கமிஷன் தனி. நேரத்துக்கு வாடகை தரும், கதவை அறைந்து சாத்தாத ஒரு குடும்பம் உங்களுக்குக் கிடைத்திருந்தால், அவர்களைத் தக்கவைப்பதுதான் லாபம்.

செயற்குழுவிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். நம் நகரில் காலியாகும் வீடுகளைச் சங்க அறிவிப்புப் பலகையிலும் இந்த மடலிலும் கமிஷன் இல்லாமல் போடலாம். அதில் வாடகை, அட்வான்ஸ் என்ற இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி, "ஆண்டு உயர்வு" என்று. செயலாளர் ஒப்புக்கொண்டு படிவம் தயார் செய்திருக்கிறார். வீடு காலியாகும் உரிமையாளர்கள் சங்க அறையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது வரியை நிரப்பாத படிவத்தைப் பலகையில் போட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.