புள்ளிப் பட்டியலா, இறுதி ஆட்டமா?

ஆண்டு முழுவதும் வகுப்பில் முதலாவதாக நின்ற மாணவன் ஒருவனின் எதிர்காலத்தை ஒரேயொரு பரீட்சை நிர்ணயித்துவிடுதல் முறையாகுமா? இங்கிலாந்தின் றக்பி ஆட்டத்தில் இரண்டாம் பிரிவுக் கழகங்கள், 2010ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை, இவ்வினாவுடனேயே காலங்கழித்தன.

அந்நாட்டின் றக்பிக் கழகங்கள் ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பிரிவுகளில் ஆடுகின்றன. உச்சியில் இருப்பது பிரிமியர்ஷிப். அக்காலத்தில் அதற்கடுத்ததாக இருந்தது, 2009ஆம் ஆண்டிலே 12 கழகங்களுடன் தொடங்கிய சம்பியன்ஷிப். அக்காலத்தில் மேற்பிரிவின் கடைசிக் கழகம் கீழிறங்க, இரண்டாம் பிரிவிலிருந்து ஒரு கழகம் மேலேறிற்று. அந்த ஒன்று எது என்பதே பிரச்சினை.

ஒவ்வொரு கழகமும் ஏனைய பதினொன்றுடனும் தன் மைதானத்தில் ஒருமுறையும் எதிரியின் மைதானத்தில் ஒருமுறையுமாக 22 ஆட்டங்கள் ஆடிற்று. பழைய வழக்கப்படி, அத்துடன் முதலிடம் பெற்றது உயர்ந்திருக்கும். புதிய முறையோ அங்கேதான் தொடங்கிற்று. முதல் எட்டுக் கழகங்களும் இரு குழுக்களாகப் பிரிந்து மறுபடியும் மோதின. கடைசி நான்கும், கீழே தள்ளப்படாதிருக்கத் தமக்குள் போராடின. பருவத்தின் இறுதிவரை மக்கள் ஆர்வம் குன்றாது, வாயிற் கட்டண வருமானமும் பெருகும் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இம்முறையின் கசப்பை முதலிற் சுவைத்தது பிறிஸ்ரல் கழகம். 2009இல் பிரிமியர்ஷிப்பிலிருந்து இறங்கிய அக்கழகம், அடுத்த பருவத்திலேயே பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் 2010 மே மாதத்தில், இரண்டு ஆட்டங்களாக நடந்த இறுதிப் போட்டியில், எக்ஸிற்றர் கழகம் 9–6 என்றும் 29–10 என்றும் அதனை வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் கரெத் ஸ்டீன்சன் என்ற வீரர் காலால் உதைத்தே 24 புள்ளிகள் ஈட்டினார். 2014இலும் பிறிஸ்ரல் பட்டியலில் முதலிடம் பெற்று, இறுதியில் லண்டன் வெல்ஷ் கழகத்திடம் தோற்றது. 2015இலும் அதே கதை. வூஸ்ரர் கழகத்துடன் மோதிய இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளிகள் 59–58. ஒரேயொரு புள்ளி ஓராண்டு உழைப்பை விழுங்கிவிட்டது! 2016இலேதான் அக்கழகம் மேலேறியது.

இத்தோல்வி வெறும் மானப்பிரச்சினை அன்று. மேற்பிரிவில் தொலைக்காட்சி வருமானம் மிகுதி. நல்ல வீரர்களைத் தக்கவைக்கவும் அதுவே துணை. வென்றவர்க்கும் இடர் உண்டு. மே மாத முடிவிலே மேலேறிய கழகம், செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்குள் ஓர் அணியைக் கட்டியெழுப்ப வேண்டும். நல்ல வீரர்களோ அதற்கு முன்பே வேறிடங்களில் ஒப்பந்தமாகியிருப்பர். 2014இல் உயர்ந்த லண்டன் வெல்ஷ், அடுத்த பருவத்தில் 22 ஆட்டங்களிலும் தோற்றுக் கீழிறங்கியது.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இம்முறை இல்லையெனில் 2010இல் எக்ஸிற்றர் உயர்ந்திராது. அன்றுவரை உச்சப்பிரிவையே கண்டறியாத அக்கழகம், 2017இல் பிரிமியர்ஷிப்பை வென்றது. 2020இல் அதனுடன் ஐரோப்பியக் கிண்ணத்தையும் சேர்த்துக் கைப்பற்றியது. இறுதி ஆட்டம் தவறான கழகத்தைத் தெரிந்தது என்று எவர் கூறுவர்?

2017உடன் இம்முறை கைவிடப்பட்டது. அவ்வாண்டு மீண்டும் இறங்கியிருந்த பிறிஸ்ரல், 2018இல் பட்டியலின் முதலிடத்தைக் கொண்டே மேலேறியது. ஆயினும் 2025இல் இரண்டாம் பிரிவு 14 கழகங்களுடன் புதிதாக அமைந்தபோது, இறுதிக்கட்டப் போட்டிகளும் திரும்பி வந்தன.

பட்டியல் அளப்பது விடாமுயற்சியை. இறுதி ஆட்டம் அளப்பது நெருக்கடியிற் கலங்காத நெஞ்சுரத்தை. இரண்டும் வீரனுக்கு வேண்டிய குணங்களே. ஆனால் 22 ஆட்டங்களில் முந்திநின்றவனுக்கும் நான்காவதாக வந்தவனுக்கும் ஒரே தொடக்கக்கோட்டை வகுத்துவிட்டு, அதனைச் சமநீதி என்று அழைப்பது பொருந்தாது. முந்திநின்றவனுக்கு அதற்குரிய சலுகை ஒன்றேனும் அளித்தபின் இறுதி ஆட்டத்தை நடத்துவதே நேர்மையாகும்.