கணக்கில் வராத ஆண்டுகள்

மணிமங்கலத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு



குடியேற்றச் சட்டங்களைப் பற்றிப் பேச மணிமங்கலத்தைவிடப் பொருத்தமான வட்டாரம் தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து கொரியர்கள் இங்கே வந்து வாழ்கிறார்கள். ஒரகடம் வளர்ந்தபோது ஜப்பானியரும் ஜெர்மானியரும் வந்தார்கள். வேலை விசாவில் வருகிறார்கள், அதைப் புதுப்பிக்கிறார்கள், காலம் முடிந்ததும் திரும்புகிறார்கள். இங்கேயே நிலைத்திருக்க விரும்பும் அயல்நாட்டு முதலீட்டாளருக்கு 2016இல் நடுவண் அரசு ஒரு வழி திறந்தது. 18 மாதங்களில் 10 கோடி ரூபாயோ, 36 மாதங்களில் 25 கோடி ரூபாயோ முதலீடு செய்து, ஆண்டுதோறும் 20 இந்தியர்களுக்காவது வேலை கொடுத்தால் 10 ஆண்டுகளுக்குக் குடியிருப்பு உரிமை உண்டு. பிறகு அதை நீட்டித்துக்கொள்ளலாம். இந்தத் திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. முதலீட்டுக்கு வழி வகுக்கத் தெரிந்த நமக்கு, 40 ஆண்டுகளாக இங்கேயே வாழ்கிறவர்களுக்கு ஒரு வழி வகுக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் படகேறி வந்த ஈழத்தமிழர்களைச் சொல்கிறேன். அன்று கரையில் யாரும் அவர்களிடம் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனிதர்களாக இருந்திருக்க மாட்டோம். கரையோர ஊரான மண்டபத்தில் பெயரைப் பதிந்தோம், முகாம்களுக்கு அனுப்பினோம், பணக்கொடையும் அரிசியும் கொடுத்தோம். அவர்களை வரவேற்றதும் பதிவேட்டில் எழுதியதும் அரசுதான்.

பிறகு 1991 மே 21. அது நடந்த இடம் உங்கள் பக்கத்து ஊர். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட அந்த இரவு, அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையையும் மாற்றியது. முகாம்களில் காவல்துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்பு இறுகியது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே போவது கடினமானது. பிள்ளைகளின் கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. 1992இல் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. போகிறவர்கள் மனம் ஒப்பித்தான் போகிறார்களா என்று பார்ப்பதற்காக அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் தனியாக அகதிச் சட்டம் கிடையாது, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. அதனால் இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஆணைகளாகவே வந்தன. ஆணை மாறினால் வாழ்க்கை மாறும், முறையிடுவதும் எளிதல்ல.

ஆணைகளையாவது பின்னால் தளர்த்தலாம், பெரும்பாலும் தளர்த்தவும் செய்தார்கள். சட்டம் அப்படியல்ல. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்த மண்ணில் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை. அசாம் உடன்படிக்கையை அடுத்து 1986இல் வந்த திருத்தம், 1987 ஜூலை 1 முதல் பிறப்பவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்றது அது. முறையான கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் எல்லோரும் அந்த வகைக்குள் அடங்குவர்.

ஒரு முகாம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூத்தவன் 1986இல் பிறந்தான், அவன் இந்தியன். தங்கை 1990இல் அதே மருத்துவமனையில் பிறந்தாள், அவள் இந்தியக் குடிமகள் அல்லள். இன்னொரு வீட்டில், முகாமில் வளர்ந்தவர் நம் ஊர்ப் பெண்ணை மணந்தார். 2003இல் பிறந்த மகள் குடிமகள். 2006இல் பிறந்த மகனுக்கு, தாய் இந்தியராக இருந்தும், குடியுரிமை இல்லை. பிள்ளைகள் யாரும் எல்லை தாண்டவில்லை, எல்லைதான் அவர்களுக்கு நடுவே வந்து விழுந்தது.

இந்தியாவில் 11 ஆண்டுகளும், அதற்குமேல் விண்ணப்பிக்கும் முன் தொடர்ச்சியாக 12 மாதங்களும் வாழ்ந்த அயலார் இயல்புரிமையாகக் குடியுரிமை கேட்கலாம். முகாம்வாசிகள் அதைப்போல் மும்மடங்கு வாழ்ந்துவிட்டார்கள். ஆனால் சட்டவிரோதக் குடியேறி அந்தப் படிவத்தை நிரப்பவே முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அந்தத் தடையை நீக்கி, காலத்தையும் 5 ஆண்டாகக் குறைத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எனக்கு நியாயமான விடை கிடைக்கவில்லை.

முகாம்களில் மலையகத் தமிழரும் இருக்கிறார்கள். அவர்கள் கதை இன்னும் கொடியது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நம் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை நடுவண் அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

எந்த நாட்டுக்கும் கதவை மூடும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. இந்தியா சத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று வாய்மொழியாகச் சொன்னதையும் அறிவேன். ஆனால் நான் பேசுவது நாளை வரப்போகிறவர்களைப் பற்றி அல்ல. நாமே உள்ளே அழைத்து, பெயர் எழுதி, பள்ளியில் சேர்த்தவர்களைப் பற்றி. ஒருவர் நுழைந்தபோது இருந்த விதியை நம்பிக் கழித்த ஆண்டுகளைப் பின்னால் வந்த விதி அழிக்கக் கூடாது.

இது நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இங்கிருந்து எத்தனை பேர் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார்கள்! அங்கே உயர்திறன் குடியேறிகள் திட்டத்தில் வேலையை விட்டு, வீட்டை விற்றுப் போனவர்களுக்கு, 2006 நவம்பரில் புள்ளிக் கணக்கு திடீரென மாறியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஏற்கெனவே திட்டத்தில் சேர்ந்தவர்கள்மீது புதிய விதியைச் சுமத்தியது தவறு என்று 2008 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம், நிரந்தரக் குடியிருப்புக்கான காத்திருப்பை 5இலிருந்து 10 ஆண்டாக உயர்த்தப்போவதாக அதே நாடு அறிவித்தது. ஏற்கெனவே பாதித் தூரம் நடந்தவர்களையும் இது தொடுமா என்று நம் வீடுகளில் தொலைபேசி வழியே கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை அறிந்தவர்களுக்கு மண்டபம் முகாமின் கவலை விளங்கும்.

2025 செப்டம்பரில் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த விலக்காணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. சிறை அச்சம் நீங்கியது. குடியுரிமைத் தடை அப்படியே இருக்கிறது. தண்டிக்கத் தேவையில்லை என்று அரசே ஏற்றுக்கொண்டவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையிலிருந்தும் நீக்குவதுதான் அடுத்த படி. அதே தேதியை வைத்தே அதைச் செய்யலாம்.

ஆலைகளின் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் சிலரை அவையில் பார்க்கிறேன். முகாமில் வளர்ந்து பொறியியல் முடித்தவர்கள் கடவுச்சீட்டு இல்லாததால் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். அப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் முகாம் அட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் 1987 ஜூலைக்கு முன் பிறந்திருந்தால் அவர் குடிமகன். அதன்பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்து, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் குடிமகன்தான். பலருக்கு இது தெரியவே தெரியாது. மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி 2022இல் மதுரைக் கிளை தந்த தீர்ப்பு இருக்கிறது. அவையில் உள்ள வழக்கறிஞர்கள் அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுக்க உதவுங்கள்.